ஏழு மீட்டர் கயிறு

கீழப்பனையூர் ரயில் நிலையம்
9.6.2002

அன்புள்ள லூர்து அக்காவுக்கு,

தம்பி டேனியல் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹைதராபாத் மல்காஜ்கிரியில் நீங்கள் மூன்று பேரும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன். உன் வலது குதிகால் எப்படி இருக்கிறது? மழை பிடித்தால் உள்ளே வைத்த தகடு குத்தும் என்று டாக்டர் சொன்னாரே, குத்துகிறதா? மறைக்காமல் எழுது.

உதவி ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர்தான் பெரிது. ஒரு பிளாட்பாரம், இரண்டு வேப்பமரம், நான், தண்டவாளம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன் அய்யாக்கண்ணு. பதினொரு வண்டி போகிறது, மூன்றுதான் நிற்கிறது. போன் பேச நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். மிதித்துப் போனாலும் பூத்காரர் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருப்பார். அதனால் இனிமேல் கடிதம்தான். அம்மா ஜெபப் புத்தகத்தை வைத்து நம் இருவருக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தது இப்போதுதான் உபயோகப்படுகிறது.

வேலை கஷ்டமில்லை. அடுத்த ஸ்டேஷனுக்குப் பேசி, பாதை காலி என்று உறுதி வாங்கி, அவர்கள் சொல்லும் எண்ணை எழுதிக்கொண்டு சிக்னல் கொடுக்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் போதும். நான் மூன்று தடவை கேட்கிறேன். அந்தப் பக்கம் இருக்கும் சம்பந்தம் சார், "ஏம்ப்பா, காது கேக்கலையா, இல்ல என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். நம்பிக்கை இல்லாதது என் மேல்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

புவனகிரிப் பாறையில் என் கையிலிருந்துதான் கயிறு ஓடிப்போய் நீ விழுந்தாய். இருபது மாதம் ஆகிறது. அப்பா என்னோடு பேசியும் அவ்வளவு மாதம் ஆகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன்.

அம்மாவை மாத்திரையை விடாமல் போடச் சொல்.

அன்புத் தம்பி
டேனியல்


மல்காஜ்கிரி
2.7.2002

அன்புள்ள டேனிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி, அப்பாவுக்கு வழக்கமான முகம், எனக்கு எந்நேரமும் பசி. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது அய்யாக்கண்ணு வீட்டு ஊறுகாயில் காலம் தள்ளுகிறாயா?

என் கால் உன் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது. தகடு குத்தவில்லை. குத்தினால் உனக்குத் தந்தி அடிக்கிறேன், போதுமா?

சுதர்சன் சாரின் பாறையேற்றக் கம்பெனி அமோகமாக ஓடுகிறது. நீ இருந்தபோது மாதத்துக்கு ஒரு கூட்டம் வந்தால் பெரிது. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் சாஃப்ட்வேர் ஆபீஸ்களிலிருந்து ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறைய வந்து இறங்குகிறார்கள். காஜாகுடாப் பாறையில் ஏறி இறங்கினால் ஒற்றுமை வளருமாம். போன வாரம் அனுபமா என்று சென்னைப் பெண் ஒருத்தி பாதிப் பாறையில் ஒட்டிக்கொண்டு, "மேடம், நான் டெஸ்டிங்ல இருக்கேன், இது என் வேலையே இல்ல" என்று அழுதாள். கீழே கயிறு பிடித்து நின்ற அப்துல் காதர், "நீச்சே நக்கோ தேக்கோ மா", கீழே பார்க்காதே அம்மா என்று தன் உருதுவில் கத்தினார். அவள் அதற்கும் சேர்த்து அழுதாள். கடைசியில் உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

நவம்பரில் தேசியப் போட்டி. கயிறு இல்லாமல் ஏறும் குட்டைச் சுவர்ப் பிரிவில் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அம்மா இன்னும் அமீர்பேட்டில் ஜாவா படிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருபத்தேழு வயதில் பாறையைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்பது அவள் கவலை.

புவனகிரியைப் பற்றி இனி எழுதாதே. நடந்தது நடந்துவிட்டது.

அன்புடன் அக்கா
லூர்துமேரி


கீழப்பனையூர்
21.7.2002

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து, இரண்டு தடவை படித்து, டெஸ்டிங் பெண்ணை நினைத்துச் சிரித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நலம் என்பதில் சந்தோஷம். தேசியப் போட்டியில் நீ ஜெயிக்க வேண்டும்.

எழுத வேண்டாம் என்று சொன்னதையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இங்கே வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு தாளை எடுத்து புவனகிரிப் பாறையைப் படம் போட்டுப் பார்க்கிறேன். கயிறு ஐம்பது மீட்டர். சரிபாதியில் கறுப்பு மையால் நடுக்குறி போட்டவன் நான்தான். பாறை இருபத்துமூன்று மீட்டர். கயிற்றின் ஒரு முனை உன் இடுப்பில், மீதி என் கையில். நீ உச்சிக்குப் போய் வளையத்தில் கயிற்றை மாட்டியபோது நடுக்குறி இன்னும் என் கைக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் பாதிக்குமேல் என்னிடம் மிச்சம் இருக்கிறது, உன்னை இறக்கத் தாராளமாகப் போதும். அந்த தைரியத்தில்தான் வால்முனையில் முடிச்சுப் போடவில்லை. போடாதது தப்புதான். முடிச்சு இருந்திருந்தால் கயிறு என் கையில் சிக்கி நின்றிருக்கும்.

ஆனால் கயிறு ஏன் போதவில்லை? நீ தரைக்கு நாலு மீட்டர் மேலே இருக்கும்போதே முனை என் கையை விட்டு ஓடிவிட்டது. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் போதும் என்றுதான் விடை வருகிறது. அப்படியென்றால் நான் குறியைப் பார்க்கவே இல்லை, பார்த்ததாக நானே நினைத்துக்கொள்கிறேன். என் கண்ணையும் கையையும் நம்பித்தான் இங்கே வண்டியை விடுகிறார்கள், அக்கா. உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல்.

தம்பி
டேனியல்


(தபாலில் சேர்க்கப்படாதது)

மல்காஜ்கிரி
4.8.2002

டேனி,

தெரியும். நீ குறியைச் சரியாகத்தான் பார்த்தாய். குறிதான் தப்பு.

நான் விழுவதற்கு ஒன்பது நாள் முன்னால் கயிற்றின் ஒரு முனை பாறை விளிம்பில் உரசி மேல்தோல் பிய்ந்திருந்தது. ஏழு மீட்டர் வெட்டிவிட்டேன். வெட்டினால் பழைய குறியை அழித்துப் புதிதாக நடுவில் போட வேண்டும், கூட வருகிறவனிடம் சொல்ல வேண்டும். நம் தொழிலில் இது அரிச்சுவடி. நீ அன்று ரயில்வே பரீட்சை எழுதப் போயிருந்தாய். வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அடியோடு மறந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் சுதர்சன் சார் அறிக்கை எழுதிக்கொண்டு வந்தார். கயிறு பிடித்தவர் முனையில் முடிச்சுப் போடாததால் விபத்து என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். சத்தியமாக அப்போது எனக்கு நினைவு வரவில்லை. வீட்டுக்கு வந்த அன்றுதான் வந்தது. அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டிருந்தாள். கொடியாகக் கட்டியிருந்தது அந்தத் துண்டுதான். நானே அவளிடம் கொடுத்திருக்கிறேன். உன் நீலச் சட்டை அதில் காய்ந்துகொண்டிருந்தது.

அப்பா உள்ளே உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. கயிற்றை வெட்டிவிட்டுச் சொல்லாதவள் என்று தெரிந்தால் யாரும் தங்கள் உயிரை என் கையில் கொடுக்க மாட்டார்கள். எனக்கு இதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியாது. பயந்துவிட்டேன், டேனி. ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது.

எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

லூர்து


மல்காஜ்கிரி
18.8.2002

அன்புள்ள டேனிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழையில் பாறை வழுக்குவதால் இரண்டு வாரமாகப் பயிற்சி சரியாக நடக்கவில்லை, அதனால் பதில் போடத் தாமதம். நீ குடையை எடுத்துக்கொண்டு போகிறாயா?

நீ கேட்டதற்கு என்ன சொல்வது? நான் மேலே இருந்தேன், கீழே என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தாளில் படம் போடுவதை விட்டுவிட்டு ஏதாவது புத்தகம் படி.

ஒரு நல்ல செய்தி. சுதர்சன் சார் என்னைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியிருக்கிறார். கயிறு, வளையம், பெல்ட் எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது இனி என் பொறுப்பு. அம்மாவுக்குப் பெருமை. அப்பா காட்டிக்கொள்ளவில்லை, பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்புடன்
அக்கா


கீழப்பனையூர்
24.11.2002

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் வீட்டில் அனைவருக்கும் நலம் வேண்டும் தம்பி எழுதுவது. அம்மா அனுப்பிய பத்திரிகைத் துண்டு வந்தது. தேசியப் போட்டியில் இரண்டாம் இடம். ஆசியப் போட்டிக்கான உத்தேசப் பட்டியலிலும் உன் பெயர். படத்தில் நீ ஒரு கையில் தொங்குகிறாய், கால் இரண்டும் காற்றில் இருக்கிறது. அந்த வலது காலைத்தான் அதிக நேரம் பார்த்தேன். துண்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். "தங்கச்சியா சார்?" என்றார் அய்யாக்கண்ணு. அக்கா என்றேன். "பயமில்லாத பொம்பளை" என்றார்.

போன மாதம் ஒரு எக்ஸ்பிரஸை வெளிச் சிக்னலில் பதினாலு நிமிடம் நிறுத்திவிட்டேன். பாதை காலிதான். எண்ணும் வாங்கி எழுதிவிட்டேன். லீவரைப் பிடித்த பிறகு, எழுதிய எண் சரிதானா என்று சந்தேகம். மறுபடி கேட்டேன். கேட்டது சரியா என்று மறுபடி சந்தேகம். அய்யாக்கண்ணு வந்து என் கையைப் பிடித்து, "விடுங்க சார், பாதை சும்மாதான் கெடக்கு" என்றார். விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. வரலாமா? அப்பா பேசாவிட்டாலும் பரவாயில்லை. பூசைக்கு உங்களோடு நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

தம்பி
டேனியல்


மல்காஜ்கிரி
12.12.2002

அன்புள்ள டேனிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. குளிர் வந்துவிட்டது, அம்மா உனக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்புகிறாள்.

இந்த வருடம் வர வேண்டாம் என்று நினைக்கிறேன். அப்பா இன்னும் அப்படியேதான் இருக்கிறார். நீ வந்து, அவர் எழுந்து வெளியே போய், அம்மா அழுது, எதற்கு? எனக்கும் அந்த வாரம் முழுவதும் கூட்டம். ஈஸ்டருக்குப் பார்க்கலாம்.

கேக் பார்சலில் வருகிறது. அய்யாக்கண்ணுவுக்கும் கொடு.

அக்கா


கீழப்பனையூர்
6.2.2003

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், உன் சுகத்துக்கு எழுது. ஸ்வெட்டர் அளவாக இருக்கிறது. கேக்கை நானும் அய்யாக்கண்ணுவும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் தன் மனைவி செய்த முறுக்கைக் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸ் அப்படிப் போயிற்று.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வண்டி விடும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டு டிக்கெட் கவுண்டரிலோ ஆபீஸிலோ போடும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்ச் முதல் தேதி கூப்பிட்டு விசாரிப்பார்கள். விபத்து எதுவும் நடக்கவில்லையே, ஏன் என்று மேலதிகாரி கேட்டார். நடப்பதற்கு முன்னால் போகிறேன் சார் என்றேன். பதவி இறக்கம்தான். என்னை நம்பி ஏறிய ஒருத்தியை நான் கீழே போட்டவன். தூங்கிக்கொண்டு போகிற எண்ணூறு பேரை என் கையில் கொடுப்பது நியாயமில்லை.

இதை எழுதிக் கொடுத்த பிறகு மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நீ என்னைப் பற்றிக் கவலைப்படாதே. உன் காலைப் பார்த்துக்கொள்.

தம்பி
டேனியல்


மல்காஜ்கிரி
14.2.2003
(பதிவுத் தபால்)

டேனி,

இதற்குள் இன்னொரு கடிதம் மடித்து வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. போன ஆகஸ்டில் எழுதியது. ஆறு மாதம் என் துணிப்பெட்டியில் இருந்தது. தேதியை மாற்றவில்லை, அதையும் பார்.

படித்தாயா? இப்போது மீதியையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு உன்னை வர வேண்டாம் என்று எழுதியது அப்பாவால் அல்ல. டேனியல் வருகிறானா என்று அவர் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டார். லீவு கிடைக்கவில்லையாம் என்று நான்தான் சொன்னேன். நீ வந்தால் பின்பக்கம் கைகழுவப் போவாய், அந்தக் கொடியைப் பார்ப்பாய். முன்பு பார்த்தும் உனக்குத் தோன்றவில்லை, இப்போது தாளில் கணக்குப் போடுகிறவன் கண்டுபிடித்துவிடுவாய். அதற்காகத்தான்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா என்னை அடித்தாள். சின்ன வயதில்கூட அடித்ததில்லை. அப்பா பின்பக்கம் போய்த் துணியையெல்லாம் எடுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்து அளந்தார். பிறகு கடைக்குப் போய் ஒரு இன்லேண்ட் வாங்கிவந்தார். இரண்டு நாளாக அது மேஜைமேல் அப்படியே இருக்கிறது. என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மார்ச் முதல் தேதிக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்பதால் நானே செகந்திராபாத் போய்ப் பதிவு செய்கிறேன். உன் கண்ணிலும் கையிலும் ஒரு குறையும் இல்லை. நாளைக்கு சுதர்சன் சாரிடமும் போட்டிக் குழுவிடமும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

லூர்து


மல்காஜ்கிரி
20.4.2003

அன்புள்ள டேனிக்கு,

நலமா? நீ கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை பிப்ரவரி கடைசியிலேயே வந்துவிட்டது. அதனால் கடிதம் கிடைத்தது தெரியும். இரண்டு மாதமாக தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறேன். ஈஸ்டருக்கும் நீ எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் கேட்க முடியாது.

சுதர்சன் சார் கத்தவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ நல்லா ஏறுற லூர்து. ஆனா இனிமே உன் கையில கயிறு குடுக்க மாட்டேன். என்கிட்ட வர்றவங்க வீட்டுக்குத் திரும்பிப் போகணும்" என்றார். அவர் சொன்னது சரி. ஆசியப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது சனத்நகரில் ஒரு பட்டறையில் வேலை. செயற்கைச் சுவரில் திருகும் கைப்பிடிகளை அச்சு வார்க்கிறார்கள். விரலுக்கு எது நிற்கும், எது வழுக்கும் என்று நான் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் பிசின் வாடை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

கூட ஏறியவர்கள் யாரும் இப்போது கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காஜாகுடாவுக்குத் தனியாகப் போகிறேன். கயிறு தேவைப்படாத உயரம்தான். விழுந்தால் தாங்க ஒரு மெத்தையைத் தூக்கிப் போய் நானே போட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் மேலே போனால் கீழே ஒருத்தன் "இடது கால், இடது கால்" என்று கத்திக்கொண்டிருப்பான். இப்போது மேலே போய் உட்கார்ந்தால் சுற்றிலும் கட்டடம் கட்டுகிற சத்தம்தான் கேட்கிறது. கீழே யாரும் இல்லை. எனக்கு அது வேண்டியதுதான். ஆனாலும் தாங்க முடியவில்லை, டேனி.

அம்மா உன் பெயரைச் சொல்லாத நாள் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கீழப்பனையூர்
3.8.2003

அக்கா,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் ஆகஸ்ட் 4 என்ற தேதியிலேயே நின்றுவிட்டேன்.

மார்ச் முதல் தேதி விசாரணைக்குப் போய், எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கிக்கொண்டேன். இப்போது ஒரு தடவைதான் எண் கேட்கிறேன். சம்பந்தம் சார், "காது சரியாயிடுச்சா?" என்றார். அப்பாவின் இன்லேண்டும் வந்தது. மூன்று வரி எழுதியிருந்தார். அதற்குப் பதில் போட்டுவிட்டேன். இந்த நல்லதெல்லாம் உன் கடிதத்தால்தான் என்று தெரியும். தெரிந்தும் கோபம் குறையவில்லை. முடிச்சுப் போடாதது என் தப்பு என்று நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் பங்கையும் சேர்த்து என்னைச் சுமக்க விட்டுவிட்டாய். நீ மறந்ததை அன்றே மன்னித்திருப்பேன். தாளில் படம் போடாதே, புத்தகம் படி என்று எழுதினாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் ஹைதராபாத் வந்தேன். வீட்டுக்கு வரவில்லை, அம்மாவுக்கும் தெரியாது. ஸ்டேஷனில் இறங்கி நேராக காஜாகுடா போனேன். உன் முகத்துக்கு நேராக நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வழி முழுக்க அந்த நாலு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நீ ஏறிக்கொண்டிருந்தாய். மெத்தையைத் தப்பான இடத்தில் போட்டிருந்தாய். நீ வலது பக்கம் சாய்ந்து போகிறாய், அது இடது பக்கம் கிடக்கிறது. ஓடிவந்து இழுத்துப் போடலாம் என்றால், என் காலடிச் சத்தத்தில் நீ திரும்பிப் பார்த்துக் கை தவறினால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. புதர் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். நீ கடைசிப் பிடிக்கு எட்டியபோது வலது கால் நடுங்கியது. அப்போதுதான் கவனித்தேன், என் இரண்டு கையும் மேலே தூக்கியபடி இருந்தன. முப்பது அடி தள்ளி நின்று யாரைத் தாங்கப் போகிறேன்? ஆனாலும் இறக்க முடியவில்லை.

நீ மேலே போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாய். பேச வந்த ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை. பேசத் தோன்றும்போது வீட்டுக்கே வருகிறேன், அதுவரை கேட்காதே. தனியாக ஏறாதே. யாரையாவது கெஞ்சியாவது கீழே நிற்கச் சொல்.

நீ பின்பக்கச் சரிவில் இறங்கி, மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போய், பஸ் ஏறும் வரைக்கும் நான் அங்கேதான் நின்றேன்.

டேனியல்